முட்டுக்கம்பு

மார்கழி வெள்ளம் பச்சையாற்றை விட்டு ஏறி
பிசான நெல்லை மூன்று நாள் உள்ளே வைத்திருந்தது.
திருப்பித் தந்தபோது அது நெல்லாக இல்லை.

தையில் சிறுகிழங்குக்குப் பன்றி வந்தது.
"நாம தோண்டியிருந்தாக்கூட
இவ்வளவு சுத்தமாத் தோண்டியிருக்க மாட்டோம்"
என்றாள் செண்பகவடிவு.
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஏத்தன்.
எழுநூறு வாழை, எழுநூறு சவுக்குக் கம்பு.
கம்பு வாங்கிய வகையில் அவள் கம்மல்
களக்காட்டுச் சொசைட்டியில் இருக்கிறது.
சித்திரை பதினொன்று, சாயங்காலம்,
கால்மணி நேரக் காற்று.
விடிந்து போய்ப் பார்த்தால்
குலையோடு வாழை அத்தனையும் படுத்துக் கிடக்க
கம்பு நிற்கிறது
எதற்கோ முட்டுக்கொடுத்தபடி.

வியாபாரி பைக்கை விட்டு இறங்கவில்லை.
கிராம அலுவலர் நீட்டிய படிவத்தில்
சேதத்துக்கான கட்டம் கட்டைவிரல் அகலம்.
பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன்.
"சவத்த விடுங்க,
வாங்க, கம்பையாவது பிடுங்குவோம்."

ஒடிந்தது போக ஐந்நூற்று எண்பத்திரண்டு.

ஆடியில் அம்மன் கொடைக்கு
கம்பு பத்தாமல் வந்து நின்றார்
பந்தல்கார அய்யாக்குட்டி.
பேரம் பேசியது அவள்தான்.
எனக்கு வாய் வரவில்லை.
"இந்த வருசம் நீங்க பாதி வரி குடுத்தாப் போதும்"
என்று ஊரில் சொன்னதற்கு
வாடகைக் காசை எடுத்து முழு வரி கட்டிவிட்டு வந்தாள்.
அதற்கு வீட்டில் ஒரு சண்டை,
இரண்டு நாள் பேச்சில்லை.

சாமக்கொடை.
ஊரெல்லாம் சாமியைப் பார்க்க
நான் கம்புகளைப் பார்த்தேன்.
ஒவ்வொன்றின் அடியிலும்
எங்கள் வயல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது.
நூற்றுப் பதினாறில் விலாவில் இடித்தாள்:
"கும்பிடுதியளா, எண்ணுதியளா?"

கும்பிட்டேன்.
என்ன கேட்பது என்று பிடிபடவில்லை.
அப்போது மேற்கிலிருந்து காற்று எழுந்தது.
பந்தல் ஒரு முறை உப்பித் தணிந்தது,
ட்யூப்லைட் ஆடியது,
மேளக்காரர் அண்ணாந்து பார்த்தார்.
அவள் என் கையைப் பிடித்தாள்.
ஊர் முன்னால் பிடிக்கிறவள் இல்லை.

பந்தல் நின்றது.

கம்பு திரும்பி வந்ததில் ஒன்பது குறைவு.
ஒன்றில் சீரியல் பல்பு ஒரு முழம்
சுற்றிக்கொண்டு வந்திருந்தது.
அவிழ்க்காமலே மோட்டார் ரூம் சுவரில் சாய்த்தேன்.

"கன்னுக்குச் சொல்லிட்டேளா?"

எத்தனை சொல்லட்டும் என்றேன்.

முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள்:
"கம்பு எத்தன இருக்கு?"