காத்திருப்போர் பட்டியலில் பதினேழு

காலை ஏழு மணிக்குத் திறக்குமாம்
ஏஜாக்ஸ் நகரசபையின் நீச்சல் வகுப்புப் பதிவு.
ஆறு ஐம்பதுக்கே மேசையில்
இரண்டு கைபேசி, ஒரு மடிக்கணினி,
ஆறிப்போன தேநீர்.
இரவு வேலை முடித்து வந்த சுகிர்தா
குளிர்த்தொப்பியைக்கூடக் கழற்றாமல்
வகுப்பு இலக்கத்தை வாசிக்கிறாள்
லொத்தர் முடிவுபோல,
ஒவ்வொரு எண்ணாய், மூச்சு விட்டு.

ஏழு மணி. சக்கரம் சுழல்கிறது.
ஏழு ஒன்று. சுழல்கிறது.
ஏழு மூன்றுக்கு எல்லாம் நிறைந்துவிட்டது.
தாரகாவுக்குக் கிடைத்தது
காத்திருப்போர் பட்டியலில் பதினேழாம் இடம்.
தம்பிக்குக் கிடைத்தது
பதற்றத்தில் நான் அழுத்திய தவறான பெட்டி:
பெற்றோரும் மழலையும் சேர்ந்து தாளம் தட்டல்,
செவ்வாய் காலை பத்தரை.
அந்நேரம் அவன் பாலர் பள்ளியில்,
நான் வேலையில்,
தாய் நித்திரையில்.

எனக்கு நீந்தத் தெரியாது.
கோடையில் ஒன்டாரியோ ஏரிக்குள்
முழங்கால் மட்டும் இறங்கி நின்று
"அப்பா நிக்கிறன், பயப்பிடாதைங்கோ" என்று
நான் சொல்லும்போது
பயப்படுகிறவன் யாரென்று
அந்தத் தண்ணீருக்குத் தெரியும்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில்
கட்டம் போட்ட தாள்.
திங்கள் கணக்கு.
செவ்வாய் பியானோ.
வியாழன் பனிச்சறுக்கல், அது முடிய
தலைக்கவசம் பதிந்த நெற்றியோடு
பின்சீற்றிலேயே புட்டு.
வெள்ளி ரோபோ வகுப்பு. அதற்குக் காரணம்
வாகனத் தரிப்பிடத்தில் கண்ணாடியை இறக்கி
"இவர் நாலு வயசிலயே துவங்கீட்டார்" என்று
ஒரு தாய் சொன்ன அந்த ஒற்றை வசனம்.
சனி தமிழ்.
ஞாயிறு நடனம். உடுப்பின் விசிறி மடிப்புக் குலையாமல்
ஒரு பிள்ளையைப் பனிக் காற்சட்டைக்குள் நுழைப்பது எப்படியென்று
தனியாக ஒரு வகுப்பு வைக்கலாம்,
அதற்கும் இடம் கிடைக்காது.

புதன் மட்டும் வெள்ளையாய்க் கிடந்தது.

"இந்தக் கட்டத்தில என்ன வகுப்பு?"
"ஒண்டுமில்லை."
விரலை அதிலேயே வைத்தபடி யோசித்தாள்.
"ஒண்டுமில்லை வகுப்புக்கு
என்ன கொண்டுபோக வேணும்?"

நான் சிரித்தேன்.
சுகிர்தா சிரிக்கவில்லை.

அடுத்த புதன் அவளே பை கட்டினாள்:
ஒற்றைக் காலுறை, ஒரு கரண்டி,
உரிக்காத ஒரு தோடம்பழம்.
சாப்பாட்டு மேசைக்கு அடியில் வகுப்பறை.
தம்பி தவழ்ந்து வந்தான்.
"பிந்தி வந்தால் உள்ளுக்கு விடேலாது" என்றாள்
என் குரலில்.
பிறகு விட்டாள்.
உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை.
பெற்றோர் வெளியில்தான் இருக்க வேண்டும்.
கரண்டி மேசைக்காலில் படும் சத்தம் கேட்கும்,
நெடுநேரம் எதுவும் கேட்காது,
பிறகு யாரோ சிரிப்பது.

இப்படி நாலு புதன்.

இன்றைக்கு, நாலு பன்னிரண்டுக்கு,
கைபேசி அதிர்கிறது.
இடம் ஒன்று வெறுமையாகியுள்ளது.
புதன்கிழமை, மாலை ஐந்து மணி.
இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள் உறுதிசெய்க.

எங்களுக்கு முன்னால் நின்ற
பதினாறு பிள்ளைகளும் எங்கே போனார்கள்?
யாருக்குக் காதுவலி, யார் வீடு மாறினார்கள்,
எந்த அப்பாவுக்கு வேலை போனது?
பெருவிரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே நிற்கிறது.
ஏரி நினைவுக்கு வருகிறது,
முழங்காலில் அதன் குளிர்.

மேசை விரிப்பை விலக்கி ஒரு தலை:
"அப்பா, வகுப்பு நடக்குது.
போனை நிப்பாட்டுங்கோ."

கவிழ்த்து வைக்கிறேன்.
தோடம்பழத் தோலின் வாசம்.
உள்ளிருந்து ஒரு சிறு கை
ஒரு சுளையை வெளியே நீட்டுகிறது,
யாருக்கென்று சொல்லாமல்.
நிலத்தில் குந்தி இருந்து தின்கிறேன்.
புளிப்பு.

இன்னும் இருபத்து மூன்று மணித்தியாலம்,
ஐம்பத்தொரு நிமிடம்.