வெள்ளைக் கட்டைக்கு இந்தப் பக்கம்

அன்றைக்கும் முழங்காலில்தான் இருந்தேன்.
முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தட்டு,
நெஞ்சில் கவசம்,
மூக்கு நுனிக்கு வந்த வியர்வை
விழலாமா என்று யோசித்து நிற்கும்.

ஈச்சிலம்பற்றுக்கு மேற்கே கருங்காலிச்சேனை.
எப்போதோ செம்பு தேடித் தோண்டி
எவரோ விட்டுப்போன குழி.
குழியைவிடப் பெரிது
அதற்குள்ளிருந்து அள்ளிக் கொட்டிய மேடு.

ஆணிக்குக் கத்தும் கருவி.
மீன்ரின் மூடிக்குக் கத்தும், சன்னக் கோதுக்குக் கத்தும்.
அந்த மேட்டடியில்
ஒன்றுமில்லாததற்கும் கத்தியது.
கிண்டினால் கறுப்புக் கல்.
தள்ளி வைத்தேன், கத்தியது.
கிண்டினால் கறுப்புக் கல்.

"கல்லில இரும்பிருக்கு, சத்தத்தைக் குறை"
என்றார் மேற்பார்வையாளர்.
குறைத்தேன்.

ஏழு மிதிவெடி எடுத்தோம்.
சிவப்புக் கட்டை பிடுங்கி வெள்ளை நட்டோம்.
பத்தினிப்பிள்ளை கயிற்றுக்கு அப்பால் நின்று
"எத்தினை பிள்ளை?" என்றாள்.
"ஏழு."
விரலில் ஏழையும் மடக்கிப் பார்த்துவிட்டு
வந்து அடுப்பு மூட்டினாள்.
நிலம் துப்புரவானது என்று
மூன்று மொழியில் கொடுத்த கடுதாசி
சட்டம் போட்டுச் சாமித்தட்டில் இருக்கிறது,
பிள்ளையாருக்கும் நெருப்புப்பெட்டிக்கும் நடுவில்.

பதினாலு மாரி
அந்த மேட்டில் பெய்து
அவள் கீரைப் பாத்திக்குள் இறங்கிப் போயிருக்கிறது.

இன்றைக்கும் முழங்காலில்தான்.
கவசம் இல்லை.
மண்துளைக்கும் குழாய், பொலித்தீன் பை,
நனைந்தாலும் அழியாத மை.
ஆழம் மட்டும் மாறவில்லை:
அன்று குச்சி இறக்கிய அதே ஒரு சாண்.

மேட்டில் இன்னும் புல் முளைக்கவில்லை.
ஆடுகள் போய்க் கல்லை நக்கிவிட்டு வரும் என்றாள்.
குட்டி தங்குவதில்லையாம்.
கிணற்றுக் கட்டில், வாளி முட்டும் இடத்தில்
பாசியில்லாத ஒரு பச்சை.
சுரண்டினேன். நகத்துக்குள் மாவாக வந்தது.
பேத்தி யதுர்ஷிகா
எனக்காகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

நிஸ்தார் ஆய்வுகூடத்திலிருந்து எடுத்தான்,
போன மாதத்து மண்ணுக்கு விடை வந்திருந்தது.
"ஈயம் கூட. காட்மியம் அதைவிடக் கூட.
ஆர்சனிக்கை மறுகா ஒருக்கா ஓட்டிப் பாக்கணும் தங்கச்சி,
இலக்கம் எனக்கே நம்பேலாமக் கிடக்கு."

கைபேசியை மடியில் வைத்தேன்.
வேலியோரம் நின்று
அவள் அதே குரலில் கேட்டாள்:
"எத்தினை?"

கிலோ மண்ணில் மில்லிகிராம்.
இதை எந்த விரலில் மடக்குவாள்?
"எடுக்கேலாதோ?" என்றாள்.
எடுக்கலாம் என்றால் பாத்தியை எடுக்க வேண்டும்,
பாத்தியோடு கிணற்றை,
கிணற்றோடு மழை இறங்கிய வழியை.
"அப்ப கட்டையை எங்க நடுவீங்கள்?"
சிவப்பு நட ஒரு விளிம்பு வேண்டும்.
மேட்டிலிருந்து பார்த்தேன்.
விளிம்பு கண்ணுக்குத் தெரியவில்லை,
வயல் தெரிந்தது,
வயலுக்கு அப்பால் பள்ளிக்கூடத் தகரக் கூரை.

வெறுங்கையோடு அனுப்பமாட்டாள் அவள்.
சட்டியில் அவித்த கச்சான்,
இந்த வளவில் போனகிழமை பிடுங்கியது,
கோதில் இன்னும் கறுப்பு மண்.
மூன்று தின்றுவிட்டேன்.
நாலாவதை உடைக்கும்போதுதான் கை நின்றது.

மீதியைப் பையில் போட்டு முடிச்சிட்டு எழுதினேன்:
மாதிரி பதினாறு. கச்சான். அவித்தது.

"அவிச்சதும் கணக்கோ?" என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன் போலிருக்கிறது.
பிறகு, பை கூடாதென்றோ என்னவோ,
உள்ளே போய்
இன்னொரு சுளகு நிறையக் கொண்டுவந்தாள்.

உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.
அதைச் சொன்னேன்.