ஐந்தாம் மேசை

வின்னிபெக்கின் கிழக்கு ஓரம், ரயில் பட்டறை தாண்டி,
சலவைக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில்
'கோல்டன் லேக்'.
ஏரியும் கிடையாது, பொன்னும் கிடையாது.
பெயர்ப் பலகையில் ஓர் எழுத்து
மூன்று குளிர்காலமாக எரியவில்லை.

வெள்ளிக்கிழமை என்றால் நாங்கள் இங்கேதான்.
சண்டை என்றாலும் இங்கேதான்.
வேறெங்கே போவது,
வீட்டிலா சமைப்பது, பேசாத ஆளுக்கு?

பதினோரு நாளாகிறது.
பனி அள்ளும் இயந்திரத்தை
என்னைக் கேட்காமல் தம்பிக்குக் கொடுத்தான் ஓரெஸ்ட்.
தம்பி அதை விற்றுவிட்டான்.
அவ்வளவுதான் காரணம்.
'அவ்வளவுதான்' என்று சொல்லவே
எனக்குப் பதினோரு நாள் பிடித்திருக்கிறது.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
வாகன நிறுத்தத்தில் கார்கள்
மூக்கிலிருந்து வயர் நீட்டிக்
கம்பத்தில் மின்சாரம் குடித்துக்கொண்டு நிற்கின்றன.
எங்கள் வயர் மட்டும்
பம்பரில் சுருண்டு தொங்கியது.
பார்த்தேன்.
பேசுவதில்லை என்றால் பேசுவதில்லைதான்.

மேசையின் அகலம் இரண்டடி.
நடுவில் சுங்கச்சாவடி மாதிரி சோயா சாஸ்.
"அவருக்கு சூப் வேண்டுமா என்று கேள்" என்றேன் மெய்லினிடம்.
கேட்டாள்.
"அவளுக்கு வேண்டுமென்றால் எனக்கும்."
அதையும் கொண்டுவந்தாள்,
ஒரு சொல் சிந்தாமல், தட்டில் வைத்து ஏந்தியது போல.
மூன்றாவது முறை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
"தூதுக்குத் தனி டிப்ஸ்" என்றாள்.
நான் சிரிக்கவில்லை. ஓரெஸ்டும்.
எலுமிச்சைக் கோழி வழக்கம்போல
மஞ்சளாகப் பளபளத்தது, யாரோ மெழுகு பூசியது போல.

பில்லோடு இரண்டு அதிர்ஷ்ட பிஸ்கட்.
இரண்டையும் உடைத்து
இரண்டையும் உரக்க வாசிப்பது அவன் வழக்கம்,
என் எதிர்காலத்தையும் சேர்த்து.
இன்று தன்னுடையதை மட்டும் உடைத்தான்.
சீட்டைப் படித்தான், மடித்தான்,
சட்டைப் பையில் வைத்தான்.
என்னுடையது தட்டிலேயே கிடந்தது.

கார் இருமியது. இன்னொரு தரம் இருமியது.
பிறகு அதுவும் எங்களோடு பேசவில்லை.
இழுவை வண்டி வர இரண்டு மணி நேரமாகுமாம்.

திரும்பி வந்தபோது
'மூடப்பட்டது' பலகையைத் திருப்பியிருந்தார்கள்.
குவான் கண்ணாடி வழியாகப் பார்த்தார்,
எங்களை, காரை, தொங்கும் வயரை.
கதவைத் திறந்தார்.
உள்ளே இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தது.
குவானின் மைத்துனி, மெய்லின்,
பாத்திரம் கழுவும் பையன் ரொமெல், ஈரக் கையோடு.
இன்னும் இரண்டு நாற்காலி இழுத்தார்கள்.
எதுவும் கேட்கவில்லை.

அந்த வாசனை மெனுவில் இல்லை.
ஆவியில் வெந்த உப்பு மீன்,
கொத்திய பன்றிக்கறி மேல்.
முதலைத் தோல் மாதிரி முள்முள்ளாகப்
பச்சையாக ஒரு காய், கறுத்த பயறோடு.
பதினெட்டு வருடமாக ஐந்தாம் மேசையில்
எங்களுக்கென்று இனித்த சமையலையே
தின்று வந்திருக்கிறோம்.
சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம்
தினமும் பத்து மணிக்கு
வேறொரு உணவகம் திறந்திருக்கிறது.

ஓரெஸ்ட் பச்சைக் காயைக் கடித்தான்.
முகம், பல் பிடுங்கியவன் முகம்.
"கசக்கிறது" என்றான்.
என்னிடம்தான் சொன்னான்.
மெய்லின் நிமிரவே இல்லை.
அவள் வேலை நேரம் முடிந்துவிட்டது,
சோறு அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வயரைப் பார்த்தேன்" என்றேன்.
"எப்போது?"
"இறங்கும்போதே."

மென்றான். விழுங்க நேரமெடுத்தது.
ரொமெல் தேநீர் ஊற்றினான்,
யாருக்கு முதலில் என்று பார்க்காமல்.
பிறகு ஓரெஸ்ட் இன்னொரு துண்டை எடுத்தான்.
பதினெட்டு வருடத்தில்
சாப்ஸ்டிக் பிடிக்கக் கற்காத கை.
தனக்கா எனக்கா என்று தெரியாத தூரத்தில்
அதைத் தூக்கி நிறுத்தியிருந்தான்,
அது நழுவிக்கொண்டே இருந்தது.