லாம்

கிளினிக்கில் என் இலக்கம் நாற்பத்தொன்று.
சன்னலுக்கு வெளியே கடல்.
கடலுக்கும் எனக்கும் நடுவில், மதிலோரம்,
ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை மென்றுகொண்டு நின்றது.
இந்த ஊரில் அதை யாரும் புதினம் பார்ப்பதில்லை.

என் தொழில் கப்பலின் அடிவயிறு.
சீனக்குடாவில் கோதுமை இறக்க வரும் கப்பல்களுக்குக்
கீழே போய்க் கொட்டலசு சுரண்டுவேன்.
இயந்திரம் குளிரக் கடலை உறிஞ்சும் வாய்களில்தான்
அது விரும்பிக் குடியேறும்.
முதலில் ஒரு வழுவழுப்பு,
கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.
பிறகு அதில் ஒரு புள்ளி.
பிறகு புள்ளிக்குப் பல் முளைக்கும்.
ஒரு வருடம் விட்டால்
கை நுழைந்த வாயில் விரல் நுழையாது.
மேலே மாலுமி
பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பான்.

இதை நான் சொன்னபோது
டொக்டர் றிஸ்மியா பேனையை மூடிவைத்தார்.
“அப்ப உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை” என்றார்.
பிறகு விளங்கப்படுத்தினார்:
“ஒரு வித்தியாசம் இருக்கு.
நாடியில கொழுப்பு மேல ஒட்டுறதில்லை,
சுவருக்குள்ள ஊறுது.
சுவர் கோவப்படுது, வீங்குது.
உங்கட கத்தியால சுரண்ட ஏலாது.”

வெள்ளைக் குளிசை, மெற்போமின்,
சாப்பாட்டோடு இரண்டு வேளை.
சீனிக்கென்று தந்தார்கள், சீனிக்கென்றே விழுங்கினேன்.
வயிற்றைப் பிரட்டும் என்று விழுங்காத நாளும் உண்டு.
அது அந்தச் சுவரின் கோபத்தையும்
கொஞ்சம் தணிக்கலாமாம்.
நாடியைக் காக்கலாமாம்.
ஆய்வுகூடத்தில், எலிகளில்,
மனிதரிலும் கொஞ்சம் கண்டிருக்கிறார்களாம்.
“லாம்தான்” என்றார்.
“நிச்சயம் எண்டு எழுதித் தரமாட்டன்.”

அன்று முழுக்க அந்த லாம்
பல்லிடுக்கில் மீன்முள்ளாய்க் கிடந்தது.
நாங்கள் அதைத் தின்று வளர்ந்த ஊர்க்காரர்.
சாவடியில்: நீ போகலாம்.
கரையில்: இன்றைக்கு வலை போடலாம், நாளைக்கு ஏலாது.
நிவாரணப் பட்டியலுக்கு முன்னால்: பெயர் வரலாம்.
உத்தரவுக்கும் அதே சொல்,
ஐமிச்சத்துக்கும் அதே சொல்.
எது எதுவென்று
சொன்னவரின் முகத்தைப் பார்த்துத்தான் பிடிக்கவேணும்.
றிஸ்மியாவின் முகத்தில் இரண்டும் இருந்தன.

இருதயராசாவுக்கும் சீனி.
பெயரிலேயே இருதயம் வைத்திருந்த மனிதன்
உவர்மலை ஏற்றத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவன்
மதிலில் கைவைத்து நின்றான்.
வாயு எண்டான். சோடா கேட்டான்.
நான் வாங்கப் போனேன்.
கடையில் மிச்சக் காசுக்கு நின்றேன்.
இருபது ரூபாய்.

செத்தவீடு முடிந்து லாச்சியைத் திறந்தால்
ஏழு மாதத்துக் குளிசை,
கடதாசி உறைகூடப் பிரிக்காமல்.
அவை அவனைக் காத்திருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
மனுசி அவற்றை என்னிடம் நீட்டி
“உங்களுக்கு உதவுமே?” என்றாள்.
எனக்கு வாய் வரவில்லை.

“நான் திரும்ப இறங்கலாமா?” என்று கேட்டேன்.
டொக்டர் ஈசிஜிக் கடதாசியை
வெளிச்சத்தில் பிடித்தார், மடித்தார், திரும்ப விரித்தார்.
அந்த ஒரு லாமை மட்டும்
அவர் தரவில்லை.

இப்போது யூட் இறங்குகிறான்.
நான் வள்ளத்தில் இருந்து
அவனுடைய காற்றுக்குழாயைப் பிடிக்கிறேன்,
மஞ்சள் குழாய்,
முறுக்கு விழாமல், விளிம்பில் நெரியாமல்.
கொம்பிரசர் இரைச்சலில் காது கேளாது.
உள்ளங்கையில் மட்டும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும்.
மத்தியானம் பாணும் சம்பலும், ஒரு கையால்.
குளிசை உறையைப் பல்லால் கிழிக்கிறேன்.
ஒன்று தவறி வள்ளத்தின் அடித்தண்ணிக்குள் விழுகிறது.
அடுத்ததை நாக்கில் வைக்கிறேன், கசக்கிறது.
தண்ணிப் போத்தில் எட்டவில்லை.
குழாயை விட மனமில்லை.
அப்படியே விழுங்கிவிட்டு
குமிழி வருகிறதா என்று பார்க்கிறேன்.