காரணம் கூறுக

படிப்பில் இடைவெளி: இருபத்து மூன்று ஆண்டுகள்.
காரணம் கூறுக என்கிறது படிவம்.

வெல்டிங், என்று தட்டுகிறேன்.
உலான்பாத்தரின் அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்கள்,
மைனஸ் முப்பத்தைந்தில்
தெருவின் இரும்பு மூடியைத் தூக்கிவிட்டு இறங்கி.
ஒரு ஜனவரியில் எங்கள் பேட்டையே விறைத்தபோது
இரண்டு நாள் மேலே வரவில்லை.
நூறு சொல்லுக்குள் முடிக்க வேண்டுமாம்.

தெரிந்த தொழிலை
நாற்பத்து நான்கு வயதில் எதற்குப் படிக்க வேண்டும்?
அதையும் கேட்கிறது. நானும் கேட்டிருக்கிறேன்.
"பெர்த்தில் படித்தால்தான் தெரிந்ததாகக் கணக்கு"
என்கிறார் ஒச்சிர், உப்புத் தேநீரை ஊதியபடி.

வங்கி இருப்பில் பாதி என் அண்ணன் பணம்.
மூன்று மாதம் எங்கள் பெயரில்
விருந்தாளியாய்த் தங்கியிருக்கிறது.

தாயகம் திரும்புவீர் என்பதற்குச் சான்று?
அடுக்குமாடி வீடு.
(கடன் பாக்கியைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)
பழைய பிரியஸ் கார்.
மனைவி, சரந்துயா.

ஆவணம் இணைக்கச் சொல்கிறது.
கல்யாணப் படம் கனமாக இருக்கிறதாம்;
சுருக்குகிறேன், போதவில்லை, இன்னும் சுருக்குகிறேன்.
என் முகம் கட்டம் கட்டமாய் உதிர்கிறது
கார் மட்டும் எப்படியோ தெளிவாக.

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார்.
"காருக்குக் கீழேயா நீ?
மாற்று."

வரிசையை மாற்ற வழியில்லை.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"சரி," என்று
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்,
"முதலிலிருந்து."