பேட்டரி தீர்ந்த வெள்ளி

ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோன வெள்ளிக்கிழமை.
ஜுபைல் கேம்ப், அறை பதினேழு.
எந்தச் சேனலில் நின்றதோ அதுவே கதி.

கறுப்பு வெள்ளைப் படம்.
கதாநாயகர் இன்னும்
நாடக மேடையை விட்டு இறங்கவில்லை.
“இவன் மூச்சு விடுவானா, மாட்டானா?”
வெங்காயம் நறுக்கியபடி இன்னாசிமுத்து.
நான் காலுறை துவைக்கப் போனேன்.

திரும்பி வந்தால்
கத்தி பாதி வெங்காயத்தில் நிற்கிறது.
திரையில் ஒரு பெண்
வந்த கடிதத்தைப் பிரிக்காமல்
திரியைத் தூண்டுகிறாள், உட்காருகிறாள்,
எழுந்து
மறுபடி திரியைத் தூண்டுகிறாள்.
வசனமே இல்லை.
ஈரக் காலுறை சொட்டச் சொட்ட
நின்றுவிட்டேன்.

உப்பு கேட்டு வந்த குல்ஸமான்,
பெஷாவர்க்காரர், தமிழில் ஒரு சொல் அறியாதவர்,
கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.
கடிதத்தில் என்ன என்று
கையாலேயே கேட்டார்.
எங்களுக்கு மட்டும் தெரியுமா?

அவள் உறையின் விளிம்பைக் கிழிக்க
வெளியே பஸ் ஹாரன்.
நைட் ஷிப்ட்.

நாற்பது மீட்டர் உயரம்.
ஆலைச் சுடர் காற்றில் சாய்ந்து
முகத்தில் வெளிச்சம் வந்து வந்து போகிறது.
குழாயை ஏற்றிக் கொடுத்தவர்
கையை எடுக்காமல் கேட்டார்:
“கெட்ட சேதியாத்தான் இருக்கும், இல்ல?”

“இருக்காது” என்றேன்
கப்ளரை முறுக்கிக்கொண்டே,
படித்துவிட்டவன் மாதிரி.