எதிரெடை

தெற்கே துருவ மீன் கிடையாது.
இங்கே வானம் ஒரு வெற்றுப் புள்ளியைச் சுற்றுகிறது.
நான்கு மங்கல் மீன்கள்
மனம் வைத்துக் காட்டிக்கொடுத்தால்தான் உண்டு.

முட்டி போட்டு, கழுத்தை ஒடித்து
இருபத்தாறு பாகைச் சாய்வில் அந்த நான்கையும் தேடினேன்.
புது மவுண்ட்.
ஒரு செங்கல்லைவிடச் சற்றே பெரிது, பதினான்கு மாதத் தவணை.
விண்ட்ஹுக் கடைக்காரர் போனில் மூன்று முறை சொன்னார்:
"எதிரெடையே வேண்டாம் மேடம், தானே தாங்கும்."

நான் எல்ரிகா பெய்கஸ்.
கீட்மன்ஷூப் நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுக்கிறவள்.
எடை ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும்
இன்னொரு முறை மேடையில் ஏற்றிப் பார்ப்பது
என் சம்பளம்.

பழையது பல்லுக்குப் பல் இடறும்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
விடிய விடியப் பக்கத்திலேயே நிற்பேன்.
பிரிந்து போனபோது யோஹானெஸ் சொன்ன காரணங்களில்
அதுவும் ஒன்று, நான்காவதோ ஐந்தாவதோ.
அதன் ஐந்து கிலோ இரும்புருண்டை
இப்போது கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டு.

மார்ச் அமாவாசை.
முழங்கை நீளம்கூட இல்லாத குழாயைப்
பாய்மர விண்மீன்களின் பக்கம் திருப்பினேன்.
அங்கே ஒரு மீன் வெடித்துப்
பதினோராயிரம் ஆண்டுகளாவது இருக்கும்.
சிதறிய இழைகள் இன்னும் விரிகின்றன.
பதினாறு நிலவுகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு அகலம்.
வெறுங்கண்ணுக்கோ
ஒரு பூச்சியளவுகூட இல்லை.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம்.
மவுண்ட் ஓசையே இல்லாமல் நகர்ந்தது.
எனக்குச் செய்ய ஒன்றுமில்லை.
ரஸ்க்கைக் காப்பியில் முக்கினேன்.
முக்கியது உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.
வேலையில்லாத கைகளைத்
தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினொரு மணிக்குக் கீழைக்காற்று.
குழாய் மேற்கே சரிந்து தொங்கிய நேரம்,
முக்காலியின் ஒரு கால்
மணலைவிட்டு
ஒரு விரல்கடை எழும்பியது.

ஓடினேன், செருப்பில்லாமல்.
முட்டை அப்பிய இரும்புருண்டையைக் கொண்டுவந்து
முக்காலியின் நடுவே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன்.
கால் இறங்கியது.
விண்ட்ஹுக்குக்குக் கேட்காத தூரத்தில்
நல்ல ஆஃப்ரிகான்ஸில் ஒரு வசவு.

இரண்டரை மணி.
பாய்மரம் தென்மேற்கு மேட்டை நெருங்கிய வேளை
பண்ணைச் சாலையில் ஒரு லாரி.
என் எடைமேடைக்குத் தப்பி
முள்வேலிகளுக்கு நடுவே ஊர்ந்து வருகிறது.
மேடேறும் முனகலிலேயே தெரிந்தது:
எப்படியும் நான்கு டன் கூடுதல்.
முகப்பு விளக்கு மேட்டைத் தாண்டி வானத்தைத் துழாவ,
அடங்கிய காற்றில் புழுதி மட்டும் எழுந்து
அந்த ஒளியில் நின்றது.
எழுபத்திரண்டாம் படம் ஓடிக்கொண்டிருந்தது.

விடிந்து பார்த்தால் கூண்டுக்கதவு ஆவென்று கிடக்கிறது.
ஒன்பது கோழிகள் முக்காலியின் கீழே,
தொங்கும் உருண்டையை ஒவ்வொன்றாய்க் கொத்தின.

பிறகு நான்கு மாலைகள் படங்களை அடுக்கினேன்.
அடுக்க அடுக்க, இருட்டுக்குள்ளிருந்து
நைந்த சல்லாத்துணியின் கிழிசல்போல
இழை மேல் இழை ஏறி வந்தது.
எழுபத்திரண்டை மென்பொருள் தானாகவே தள்ளிவிட்டது.
நான் தள்ளவில்லை.
அதில் கறுப்பு வெள்ளைப் புழுதி
மேட்டின் விளிம்பிலிருந்து சுருள் சுருளாய் எழுகிறது;
எந்த மீன் வெடித்தது என்று கேட்பீர்கள்.

திங்கட்கிழமை ஃபெஸ்டஸ் ஹாவோசெப் வந்தான்,
சட்டத்துக்கு ஒரு கிலோ மிஞ்சாத லாரியோடு,
சிரித்துக்கொண்டு.
சக்கரங்களில் வெளுத்த பண்ணைமண்.

சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
"மேட்டில் ஏறும்போது
விளக்கைத் தாழ்த்து" என்றேன்.
சிரிப்பு நின்றது.
எடைமுள்
இன்னும் சற்று நேரம் நடுங்கியது.